குழம்பு ஆறாத தூரம்

எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதற்கு ஒரு தூரக்கணக்கு உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினால், பெண்ணின் புகுந்த வீட்டில் போய் மூடியைத் திறக்கும்போது சூடு இருக்க வேண்டும். ஆறிப்போனால் அது தூரம். கள்ளக்குறிச்சியிலிருந்து திருக்கோவிலூர் வரை குழம்பு தாங்கும். அதற்கு அப்பால் யார் கேட்டாலும் பெண் கிடையாது. என் அத்தைகள் எல்லோரும் அந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டு, காலையில் கோபித்துக்கொண்டால் மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பிடும் வசதியோடு இருந்தார்கள்.

என் தங்கை ஜெயசுதாவுக்கு வந்த மாப்பிள்ளைதான் இந்தக் கணக்கைச் சோதித்தார். குடும்பம் திருக்கோவிலூர், வேலை துபாய்.

என் அப்பா வெங்கடேசனுக்குப் புளி, கடுக்காய், சாமை, வேர்க்கடலை வாங்கி விற்கும் மண்டி. யார் எதற்கு என்ன சொன்னாலும் அதில் கால்பங்கு காற்று என்பது அவர் சித்தாந்தம். விலையில் கால்பங்கைக் கழிப்பார். டாக்டர் எட்டு நாள் மாத்திரை எழுதினால் ஆறு நாள் சாப்பிடுவார். சோசியர் எட்டு வருஷம் சனி என்று சொன்னாலும் அதே கழிவுதான். ஆச்சரியம் என்னவென்றால், மாத்திரையும் சனியும் அவருக்குக் கட்டுப்பட்டே நடந்தன.

தரகர் தங்கதுரை ஜாதகத்தோடு வந்தபோது அப்பா ஜாதகத்தைத் தொடவே இல்லை.

"துபாய் எம்மாம் தூரம்?"

"தூரம்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ளையே எங்கிட்ட சொல்லிச்சு. பம்பாய்ல ஆறு மணிக்குப் பிளேன் ஏறுனா ஏழரைக்குத் துபாய்ல எறங்கிடலாம்."

"ஒண்ணரை மணி நேரமா?"

"கணக்கு நீங்களே போட்டுக்குங்க."

"ஒண்ணேகால் ஆக்கு."

"மண்டிக்காரரே, இது பிளேனு. ஓட்டறவன் நம்ம ஆளு இல்ல."

"கேட்டுத்தான் பாரேன். கேக்கறதுக்கு இன்னா?"

தங்கதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அப்பாவின் முகத்தில் ஏற்கெனவே வெளிச்சம் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் என்பது திருக்கோவிலூர் பஸ் எடுத்துக்கொள்ளும் நேரம். உள்ளேயிருந்து என் அம்மா கமலா தீர்ப்பைச் சொன்னாள்.

"அப்ப குழம்பு தாங்கும்."

பம்பாய் வரைக்கும் உள்ள தூரத்தை எங்கள் வீட்டில் யாரும் சேர்க்கவே இல்லை. அது ரயில் தூரம். உட்கார்ந்தபடியே போவது. உட்கார்ந்திருப்பது எங்கள் குடும்பத் தொழில்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆனியில் துபாய் திரும்பினார். கம்பெனிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஜெயசுதாவுக்கு விசா வாங்கி அனுப்பினார். அதில் ஒரு கடைசித் தேதி இருந்தது. அதற்குள் துபாய் மண்ணை மிதிக்காவிட்டால் விசா செத்துவிடும், கம்பெனி இன்னொரு தடவை தராது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். பம்பாயிலிருந்து டிக்கெட் கிடைத்ததோ அந்தக் கடைசித் தேதியான புதன்கிழமைக்குத்தான்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மறியல் தொடங்கியது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி மாதம். இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு சக்கரம் உருளாது என்றார்கள். சென்னைப் பக்கம் போன பஸ்கள் போன இடத்திலேயே நின்றன. துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்தார்கள் என்று ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மறியல் முடியக் காத்திருந்தால் விசாவும் முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா மேற்கே கையைக் காட்டினார். "மலை ஏறி அந்தாண்ட எறங்குனா சேலம். அங்கேர்ந்து பம்பாய்க்கு ரயில் போவுது. மலையில எவன் மரம் வெட்டிப் போட்டாலும் அது மரத்தோட மரமா கெடக்கும்."

அவர் பேசியதில் தர்க்கம் இருந்தது. ஜெயசுதா, பம்பாய் வரை துணைக்கு நான், மலையடிவாரம் வரை வழியனுப்ப அப்பா. அம்மா தூக்குவாளியில் வத்தக்குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். "பிளேன்ல ஏர்றதுக்கு முன்னாடி சுட வெச்சுக்க. எறங்கறப்ப சூடா இருக்கும்" என்றாள். ஜெயசுதா அழுகையும் சிரிப்புமாக வாங்கிக்கொண்டாள்.

வடக்கனந்தல் வரை வண்டிப்பாதையில் நடந்தே போய்விட்டோம். அங்கே ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் சாய்ந்து கிடந்தது. அப்பா அதன் முன்னால் துக்க வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார். அந்த மரத்துக் காயை வருஷா வருஷம் குத்தகைக்குப் பிடித்தவர் அவர்தான்.

மரத்தின்மேல் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அன்புச்செல்வன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர், மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை எங்கள் மண்டிக்குப் போடுகிறவர்.

"இன்னா மண்டிக்காரரே, பொட்டி படுக்கையோட?"

"பொண்ணு துபாய் போவுது."

"இந்த வழியாவா?"

மரத்தின்மேல் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, வியாபாரி வியாபாரியிடம் கேட்பதுபோலக் கேட்டார். "அன்பு, இருவது சதவீதம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"உங்க மண்டியில மணிலா போட்டுக் கத்துக்கினதுதான். எம்மாம் கேட்டாலும் கால்வாசி கழிச்சுத்தான குடுப்பீங்க? மேல இருக்கறவங்களும் அப்படித்தான்." மறுபடி சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் அவர் கீழே இறங்கி வந்தார். "வெளையாட்டுக்குச் சொன்னேன். எங்க ஜனத்தொகைக்குக் கேக்கறோம். எங்கூட்டுப் புள்ளைங்களும் ஒரு நாளு இப்படி பொட்டி எடுத்துக்கினு போவணும் இல்ல. அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கோம்."

கழிக்க ஒன்றும் அகப்படாத பேச்சு அப்பாவுக்குப் பழக்கமில்லை.

அன்புச்செல்வன் ஜெயசுதாவின் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸத்தான் மறிக்கறோம். கட்டிக் குடுத்த பொண்ணு புருசன் வூட்டுக்குப் போறத மறிக்க மாட்டோம்." மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தன் மாட்டுவண்டியில் எங்களை ஏற்றி, ரோட்டை விட்டு இறங்கி வயல்வழியாகவே ஓட்டினார். வழியில் எதிர்ப்பட்ட கூட்டத்திடமெல்லாம் எழுந்து நின்று, "பொண்ணு போவுது, வழி வுடுங்க" என்று கூவினார். ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு இடத்தில் போராட்டத்துக்காகப் பொங்கிய சோற்றில் எங்களுக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே போட்ட ஒரே நிபந்தனை.

மலையடிவாரத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அம்மாசி நின்றுகொண்டிருந்தார். கல்வராயன் மலைமேல் இருக்கிறவர், பல வருஷமாக எங்கள் மண்டிக்குப் புளியும் சாமையும் கொண்டு வருகிறவர். சந்தைக்கு இறங்கி, சந்தை இல்லை என்று தெரிந்து மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டதும் மூட்டையை ஒரு குடிசையில் போட்டுவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு எங்க வூட்ல தங்கிக்கினு நாளிக்கி அந்தாண்ட கருமந்துறைக்குப் போய்ட்டா, சேலத்துக்குக் கெழங்கு லாரி இருக்குங்க."

அப்பா கேட்டார். "உங்க வூடு எம்மாம் தூரம்?"

"பக்கம்தாங்க. ரெண்டு வெத்தல போடற நேரம்."

அப்பா மனதுக்குள் கால்பங்கைக் கழிப்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது. "அப்ப ஒண்ணரை வெத்தல. நானும் வந்து பாத்துட்டே திரும்பிடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கீழே தரையில் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள், கேட்கிறவன் குறைப்பான். ஐம்பது வருஷமாக அப்பாவுக்குத் தெரிந்த உலகம் அது. மலைமேல் குறைத்துச் சொல்லும் ஒரு உலகம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் வெற்றிலை ஒரு ஓடையைத் தாண்டுவதற்குள் தீர்ந்தது. இரண்டாவது வெற்றிலை கடுக்காய் மரங்களுக்கு நடுவில் தீர்ந்தது. அப்புறம் பாதை செங்குத்தாக எழுந்து நின்றது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இன்னும் எம்மாம் தூரம்?"

"அந்த வளவு தாண்டுனா வந்துரும்ங்க."

அந்த வளைவைத் தாண்டினோம். அதே மாதிரி இன்னொரு வளைவு இருந்தது.

"அம்மாசி?"

"அந்த வளவுதாங்க."

தூறல் பிடித்தது. ஜெயசுதா கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டிருந்தாள். அது கல்யாண மண்டபத்தில் நடப்பதற்காகச் செய்த செருப்பு. குதிகாலில் கொப்புளம் கட்டி உடைந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சூரியன் மேற்கே சாய்ந்தபோது அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். திரும்பிடலாம்."

அம்மாசி பெட்டியை இறக்கி வைத்தார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் ஏமாந்துட்டேன்டா. ரெண்டு வெத்தலன்னான். வெத்தலக் கொடியே ஒண்ணு மொளச்சுப் படர்ந்திருக்கும். இப்பவே இப்படின்னா நாளிக்கி இன்னா ஆவும்? லாரி இல்லன்னா? ரயிலு இல்லன்னா? விசா போனா போவுது. மாப்ள லீவுல வரட்டும், பாத்துக்கலாம்."

"அவர் லீவுல வர ரெண்டு வருசம் ஆவும்ப்பா" என்றாள் ஜெயசுதா.

"ரெண்டு வருசம் எங்கூட இருக்க மாட்டியா?"

இருக்கிறேன் என்றால் புருஷன் போனான், மாட்டேன் என்றால் அப்பா போனார். தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு அப்பாவுக்கு முன்னால் குனிந்து நின்று சொன்னாள்.

"நீங்க துபாய்க்கு வர வேணாம்ப்பா. சேலத்துக்கும் வர வேணாம். அந்த வளைவு வரைக்கும் வாங்க. அங்க போய்ப் பாத்துட்டுத் திரும்பிடலாம்."

அப்பா அந்த வளைவைப் பார்த்தார். அது நிஜமாகவே பக்கத்தில்தான் இருந்தது. எழுந்தார்.

அந்த வளைவுக்குப் பிறகு அவள் அடுத்த வளைவைக் கேட்டாள். அப்பா கொடுத்தார். இப்படியே நாலைந்து வளைவுகளை அவரிடமிருந்து சில்லறை சில்லறையாக வாங்கினாள். அதுவரைக்கும் அப்பாவிடம் கால்பங்கு கழிவில்லாமல் கேட்டதை முழுசாக வாங்கிய ஒரே ஆள் அவள்தான். வெளிச்சம் மங்குவதற்குள் அம்மாசியின் வீட்டுப் புகை தெரிந்தது.

அம்மாசியின் மனைவி சாலம்மாள் ஜெயசுதாவின் காலைப் பார்த்ததும் புருஷனைத் திட்டினாள். "பக்கம் பக்கம்னு சொல்லியே இழுத்துக்கினு வந்தியா? என்னையும் இப்படித்தான் கட்டிக்கினு வந்த." ஏதோ பச்சிலையைக் கசக்கிக் கொப்புளத்தில் வைத்துக் கட்டினாள். சாமைச்சோறு ஆவி பறந்தது. தொட்டுக்கொள்ள அவர்களிடம் அன்றைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. ஜெயசுதா தூக்குவாளியைத் திறந்தாள்.

அம்மாவின் குழம்பு நன்றாக ஆறிப்போயிருந்தது. சாலம்மாள் அதை வாங்கி அடுப்பில் வைத்தாள். கொதித்ததும் அந்த வாசம் வீடு முழுக்க நிறைந்தது. நாங்கள் ஐந்து பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். துபாய்க்குப் புறப்பட்ட குழம்பு முதல் நாளே தீர்ந்தது.

சாப்பிட்டு முடித்து அப்பா கேட்டார். "ஏன்யா அம்மாசி, எதுக்குப் பொய் சொன்ன?"

"பொய் இல்லீங்க. மொத்தத்தையும் சேத்துச் சொன்னா காலு பயந்துக்கும். வளவு வளவா சொன்னா ஏமாந்துக்கினு வந்துரும். நாங்க புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கறப்ப, ஆஸ்பத்திரி இன்னும் இம்மாம் தூரம்னு சொன்னா அது தாங்குமா? பக்கம்தான்னுதான் சொல்லுவோம்."

அப்பா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். "நாங்க ஜாஸ்தி சொல்லிக் கம்மிக்குக் குடுக்கறோம். நீங்க கம்மி சொல்லி ஜாஸ்தி நடக்க வெக்கறீங்க. நல்ல யாவாரம்."

"ரெண்டு பேரும் சரக்கத் தள்ளறதுக்குத்தான சொல்றோம்" என்றார் அம்மாசி.

காலையில் புறப்படும்போது சாலம்மாள் தூக்குவாளியைக் கழுவி, அதில் தேனை ஊற்றி மூடி, வாயில் துணி கட்டிக் கொடுத்தாள். "ஏனத்த வெறுமையாத் தரக்கூடாது. இது ஆறாது, கெடாது. எம்மாம் தூரம்னாலும் போவும்" என்றாள். அடிவாரத்தோடு திரும்புவதாக இருந்த அப்பா கருமந்துறை வரை வந்தார். அங்கே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி நின்றது. எங்களை ஏற்றிவிட்டு அவர் அம்மாசியின் பக்கத்தில் நின்றார். லாரி கிளம்பியதும் ஜெயசுதா வெளியே தலையை நீட்டி, "பக்கம்தாம்ப்பா. ஒண்ணரை மணி நேரம்" என்றாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினார்.

சேலம் பக்கத்திலும் மரங்கள் விழுந்திருந்தன. லாரிக்காரர் ஏரிக்கரையிலும் கரட்டடியிலும் வண்டியைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இறங்கும்போது என்ன தர வேண்டும் என்றேன். "கெழங்கு மேல குந்திக்கினு வந்ததுக்குக் கெழங்குதான் கேக்கணும்" என்று போய்விட்டார். ரயில் வந்தது, தாமதமாக. பம்பாயும் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் விமான நிலையத்தின் வாசலில் ஜெயசுதா என் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்குவாளியோடு உள்ளே போனாள்.

வாசலில் நின்ற ஒரு மதுரைக்கார டாக்ஸி டிரைவரிடம், "ஏழரைக்குப் போய்ச் சேந்துடும் இல்லீங்க?" என்றேன்.

"ஏழரைதான். ஆனா அது அங்கத்து ஏழரை. நம்ம கடியாரத்துல ஒம்பது. மூணு மணி நேரம் பறக்கணும்ல. ரெண்டாயிரம் கிலோமீட்டர் இருக்குமே."

நான் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். துபாய்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் நடக்கிறது. ஆறிலிருந்து ஏழரையைப் பார்த்த நாங்கள் அத்தனை பேரும் பாதித் தூரத்துக்குத்தான் பெண் கொடுத்திருந்தோம்.

நான் ஊர் திரும்பியபோது மரங்களை அறுத்து ரோட்டோரம் தள்ளியிருந்தார்கள், பஸ் ஓடியது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஒத்திகைக்கு வேலையே இல்லை. ஜெயசுதா டிரங்க் கால் போட்டிருந்தாள்.

"மூணு மணி நேரமாம்டா" என்றார் அப்பா. "பாப்பா சொல்லிச்சு. அங்க இப்பதான் விடியுதாம், நமக்கு வெய்யில் வந்துடுச்சு. மாப்ள தேனத் தொட்டு ரொட்டி சாப்ட்டாராம்."

"தங்கதுரையப் பாத்தீங்களா?" என்றேன். சண்டைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

"பாத்தேன். வெத்தல, பழம், ஒரு வேட்டி வெச்சுக் குடுத்துட்டு வந்தேன். அவன் பயந்துட்டான். மூணு மணின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பொண்ணு குடுத்திருக்க மாட்டேன்டா. அங்க அது சந்தோசமா இருக்கறத நான் கேட்டிருக்க மாட்டேன்."

அன்புச்செல்வன் வீட்டுக்கும் போய்விட்டு வந்திருந்தார். எதற்குப் போனார் என்று அவர் சொல்லவில்லை. அந்த வருஷம் மணிலா பிடித்தபோது மட்டும், அன்புச்செல்வன் சொன்ன விலையில் கழிவு விழவில்லை என்று கணக்கப்பிள்ளை என்னிடம் ரகசியமாகக் கவலைப்பட்டார்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் அம்மாசி சாமை மூட்டையோடு மண்டிக்கு வந்தார். விலையைச் சொன்னார். அப்பா, "சரி, எறக்கு" என்றார்.

அம்மாசி மூட்டையை இறக்கவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்பு சொகமில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் கொறைக்காம இருக்கறீங்க? நான் கொறைப்பீங்கன்னு இல்ல சேத்துச் சொன்னேன்."

"சேத்ததும் சேந்தே இருக்கட்டும்."

அம்மாசிக்கு அது பிடிபடவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பொண்ணு நல்லாப் போய்ச் சேந்துச்சுங்களா? அது போன ஊரு எம்மாம் தூரம்ங்க?"

அப்பா தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலேயே சொன்னார்.

"பக்கம்தான். அந்த வளைவு தாண்டுனா வந்துரும்."

அம்மாசி மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மாம் தூரமாங்க" என்றார்.